மூணாவது கை

முத்துக்குமாரசாமி வீட்டுக்குப் பூனை வரத் தொடங்கிப் பத்து மாதம் ஆகியிருந்தது.

குன்னத்துகாலில் மற்ற வீடுகளுக்குப் பூனை வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இது சைவ வீடு. முட்டை ஓடுகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. கோமளவல்லி வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. உள்ளித் தீயல் மணத்துக்கும் எரிசேரிக்கும் ஆசைப்பட்டு ஒரு பூனையும் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. இப்போது கிணற்றடிப் பலாமரத்தின் தாழ்ந்த கொப்பில் ஒரு வீச்சுவலை காய்கிறது. அதற்குக் கீழே ஒரு சாம்பல் பூனை, கோவிலுக்கு நேர்ச்சைக்கு வந்ததுபோல வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பெண் பார்க்க ஆள் வருகிறது என்றதும் கோமளவல்லி அந்த வலையைச் சாக்கில் கட்டி, ரப்பர் ஷீட் உலர்த்தும் புரைக்குள் வைத்துப் பூட்டினாள். பூனையும் புரை வாசலுக்கு இடம் மாறிக்கொண்டது. ஒரு வாரமாக அங்கேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவள் வாசல் தெளிக்க வந்தபோது புரை வாசலில் பூனை இல்லை.

அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போய்ப் பார்த்தாள். பூட்டு திறந்திருந்தது. சாக்கு இல்லை. முற்றத்தில் ஸ்கூட்டரும் இல்லை. பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருநீற்று மரவையின் ஓரத்தில் மூன்று விரல் எடுத்த தடம் ஈரமாக இருந்தது. அதன் பக்கத்தில் கைபேசி, அதற்கடியில் ஒரு துண்டுக் காகிதம். ‘எட்டரைக்கு வந்துவிடுவேன். கோபிக்க வேண்டாம்.’ கீழே தேதியும் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தார்.

"எம்மோ, என்னாச்சு?" என்று ஸ்ரீகலா கேட்டாள். முந்தின இரவுதான் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"உனக்க அப்பா போய்ட்டாவ."

"எங்க?"

"வேற எங்க? தண்ணிக்கு."

ஸ்ரீகலா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு தாயின் முகத்தைப் பார்த்து வாயை மூடினாள்.

தக்கலையிலிருந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள். பையனின் அம்மா ஆனந்தலட்சுமியைப் பற்றிக் கோமளவல்லி கேள்விப்பட்டது ஒன்றே ஒன்று. முன்பு ஒரு பெண்ணை எல்லாப் பொருத்தமும் பார்த்து முடித்த பிறகு, அந்தப் பெண்ணின் தாய்மாமன் ரயிலில் ஆம்லேட் தின்றதைப் பார்த்த ஆள் உண்டு என்று தெரிந்து, வேண்டாம் என்று சொன்னவள். பிடிக்காத வீட்டில் கை நனைக்கவே மாட்டாளாம். தட்டம் வைத்தது வைத்தபடி இருக்குமாம்.

அப்படிப்பட்டவள் வருகிற அன்றைக்கு, வீட்டுத் தலைவன் பூவாறு பொழியில், ஆறு கடலில் சேருகிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் வலையோடு நிற்கிறார்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று சொல்லிவிட வேண்டும்.

முத்துக்குமாரசாமி முப்பத்துநாலு வருடம் நெய்யாற்றின்கரையில் அரசாங்க எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்றால் உண்மையிலேயே சும்மா. பத்திரிகையை மடித்தது மடித்தபடி வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் கேட்கமாட்டார். போன தை மாதம் பழைய கூட்டாளி ஒருவருடைய மகனின் கல்யாண விருந்து பூவாற்றில் நடந்தது. விருந்துக்கு வந்தவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்கள். படகோட்டி ஜோக்கிம், முப்பத்தெட்டு வயதுக்காரன், வேடிக்கைக்காக ஒரு தடவை வலை வீசிக் காட்டினான்.

அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் வேட்டி மாற்றவில்லை.

"கோமளம், அது வானத்துல ஒரு நிமிசம் நிக்குது பிள்ளே."

"எது?"

"வலை. வட்டமா. அப்பிடியே நிக்குது. பொறவாக்கும் விழுது."

"நின்னா நிக்கட்டு. கஞ்சி குடிக்கியளா?"

அடுத்த வாரம் அவர் தனியாக ஸ்கூட்டரில் பூவாற்றுக்குப் போனார். அதற்கடுத்த வாரம் ஜோக்கிமின் பழைய வலை ஒன்றோடு வந்தார். புது வலை விறைப்பாக நிற்கும், பழகுகிறவன் கைக்குப் பழசுதான் படியும் என்று அவன் சொன்னானாம். அந்த வலையில் எத்தனை ஆயிரம் மீன் துடித்திருக்கும் என்று கோமளவல்லி நினைத்துப் பார்த்து, அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

முற்றத்தில் பழகினார். விழுந்த இடத்தில் செம்மண்ணில் ஈயக்குண்டுகள் பதிந்த தடத்தை உட்கார்ந்து பார்ப்பார். ஒரு நோட்டில் எழுதுவார். அவர் அப்படித்தான். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதற்கு ஒரு நோட்டு. ‘காற்று தெற்கு. நாற்பத்தொரு வீச்சு. முப்பது வாழைக்காய். பதினொன்று அரை நிலா.’ விரியாமல் நீளமாக விழுந்தால் வாழைக்காய், பாதி விரிந்தால் அரை நிலா. மறுநாள், ‘வாழைக்காய் இருபத்தாறு.’ திங்கள், வியாழன், ஞாயிறு பொழிக்குப் போவார். வலையில் விழுந்த கணம்பையும் கரிமீனையும் தண்ணீருக்குள்ளேயே பிரித்து விட்டுவிடுவார். ஒரு தடவை ஒரு குஞ்சு கரிமீன் செவுள் மாட்டிச் செத்துப்போனது. அன்று முழுவதும் பட்டினி கிடந்தார். மறுநாள் மறுபடியும் போனார்.

கோமளவல்லிக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. அவர் மெலிந்தார், கறுத்தார், கைவிரல்களில் கயிறு அறுத்த வெட்டு. ஆனால் கூப்பிடாமலே சாப்பிட வந்தார். இன்னும் கொஞ்சம் தீயல் கேட்டார். குளிக்கும்போது முனகலாகப் பாடினார். இந்த மனுஷன் பாடுவார் என்பது முப்பத்தைந்து வருடத்தில் அவளுக்குத் தெரியாது.

"அப்பா சந்தோஷமா இருக்காருல்லா அம்மா. விடேன்" என்று ஸ்ரீகலா போனில் சொன்னபோது, "என்னைக் கெட்டினப்பம் இந்தச் சந்தோஷம் எங்க போயிருந்து?" என்று அவள் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து வாழைக்காய் நின்றுவிட்டது. அரை நிலாவிலிருந்து மேலே போகவில்லை. ஜோக்கிம் முதல் நாளே சொன்னதுதான் காரணம். அந்தப் பக்கத்து வாயில் ‘சார்’, ‘சாறு’ ஆகிவிடும்.

"சாறே, கை ரெண்டு. வலைக்குப் பிடி மூணு. மூணாவது கை வாயாக்கும்."

வலையின் ஓரத்தில் ஒரு இடத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் பிரித்துப் பிடித்து, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும். கைகள் விட்ட பிறகு கடைசியாகப் பல் விட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் வீசுகிறார்கள். முத்துக்குமாரசாமி மாட்டேன் என்றுவிட்டார். தண்ணீரில் இறங்கலாம், தொடலாம், தோளில் போடலாம். மீன் பட்ட நூலை வாயில் வைப்பது எப்படி? துணி காயப்போடுகிற கிளிப்பைச் சட்டைக் காலரில் மாட்டி அதில் வலையைச் செருகினார். காலர் கிழிந்தது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கினார். வழுக்கியது. சலவை வேட்டியைக் கிழித்து ஓரத்தில் சுற்றினார். அது பல்லில் நிற்கவில்லை.

கோமளவல்லிக்கு அந்த ஒன்று ஆறுதல். ஊர் என்ன சொன்னாலும் வாய் சுத்தமாக இருந்தது. தினம் காலையில் அஞ்செழுத்துச் சொல்கிற வாய்.

"வாயில மட்டும் வச்சிராதிய. அம்புட்டுதான் எனக்குச் சொல்ல உள்ளது" என்று அவள் சொன்னாள்.

"நான் வைப்பனா கோமளம்?" என்று அவரும் சொன்னார்.

ஞாயிறு எட்டரை ஆனது. எட்டே முக்கால் ஆனது. முந்திரிக்கொத்துக்குப் பிடித்து வைத்த பயற்று உருண்டைகள் தட்டில் வரிசையாக இருந்தன. அவள் அடுப்பை மகளிடம் ஒப்படைத்தாள்.

"மாவுல முக்கிப் போடு. தீய கூட்டாத, மேல கரிஞ்சு உள்ள வேகாம இருக்கும். நான் கொண்டு வாறேன் அந்த மனுசன."

தெருமுனையில் சுவாமிதாஸின் ஆட்டோ நின்றது.

"எஞ்ச அக்கா, காலத்தயே?"

"பூவாறு. வேகம் போணும்."

"சாறுக்கு காப்பி கொண்டு போறியளா?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

பாறசாலை தாண்டும்வரை அவன் ரோட்டைத்தான் பார்த்தான். பிறகு முடியவில்லை.

"தப்பா நினைக்கப்பிடாது அக்கா. போன மாசம் பனச்சமூட்டுச் சந்தையில ஒருத்தன் கேட்டான். ‘உங்க ஊர்ல ஒரு சைவப்பிள்ளை மீனப் பிடிச்சுத் திரும்பத் தண்ணியிலயே விடுதாராமே, கோட்டியா’ன்னு."

"நீ என்ன சொன்னே?"

"கோட்டி ஒண்ணும் இல்ல, ரிட்டயர்டு ஆக்கும்னு சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதனால் கோபம் இரட்டித்தது. ஐப்பசி மாதத்து வெயில், மதியத்துக்குமேல் இடிக்கப் போகிற மழைக்கு இப்போதே புழுங்கியது. உப்புக்காற்று வரத் தொடங்கியதும் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

ஜோக்கிமின் வீடு பொழிக்கரையில், தென்னைகளுக்கு நடுவில். வாசலில் வலை கிழிசல் முடைந்துகொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். அவன் மனைவி பெர்த்தா.

"சாறுக்க வீட்டுக்காரியா? சேச்சி, வரணும், இரிக்கணும். கட்டங்காப்பி எடுக்கட்டா?"

"வேண்டாம். அவிய எங்க?"

"தம்ளர் புதுசாக்கும் சேச்சி. மீன் தொட்ட கை படாத தம்ளர். சாறுக்குன்னு தனியா வச்சிருக்கு."

கோமளவல்லி அந்தத் தம்ளரைப் பார்த்தாள். சன்னல் படியில், ஒரு சுத்தமான துணியால் மூடி, கவிழ்த்து வைத்திருந்தது. அவளுக்கு ஏனோ பேச்சுத் தணிந்தது.

"எனக்க வீட்டுக்கு இன்னைக்குப் பெண் பாக்க ஆளு வருது. உங்க ஆளாவது சொல்லப்பிடாதா, போங்க சாறேன்னு?"

"சொன்னாரே. சாறு கேக்கல்ல. ‘இன்னைக்கு ஒரு பத்து வீச்சு, ஜோக்கிமே. பத்தாவதோட போயிருவேன்’னு சொல்லும். பத்து முடிஞ்சா மறுக்கா ஒண்ணுல இருந்து எண்ணும்." பெர்த்தா சிரித்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "ஒரு காரியம் சொல்லட்டா சேச்சி? எங்க ஆம்பிளையளுக்கு இது வயித்துப்பாடு. வலை விரிஞ்சா மீனு, இல்லங்கி பட்டினி. விரியியத ஒருத்தரும் நின்னு பாத்ததில்ல. சாறு வந்த பொறவு இவரும் நின்னு பாக்கியாரு. வலைய வீசிட்டு, இழுக்க மறந்து நிக்கியாரு."

கரையோரமாக நடந்து போனாள். தாழையைத் தாண்டியதும் தெரிந்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் முதுகைக் காட்டி நின்றார். படகில் ஜோக்கிம் துடுப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். அப்பால் மணல் திட்டு, அதற்கு அப்பால் கடலின் இரைச்சல். அவர் வலையைத் தாடையில் இடுக்கி வீசினார். போய் ஒரு பக்கமாக விழுந்தது. அரை நிலா. இழுத்தார், கசங்கலைப் பிரித்தார், வீசினார். மறுபடியும் அரை நிலா. படகுப் பக்கம் அவர் திரும்பவில்லை. அறுபதை நெருங்குகிற முதுகு, எலும்பு தெரிந்தது. ஆனால் அந்த முதுகில் சலிப்பு இல்லை. கோமளவல்லிக்கு அதுதான் புதிதாக இருந்தது. ஆபீசுக்குப் புறப்பட்டுப் போகிற அந்த முதுகை அவள் முப்பது வருடம் பார்த்திருக்கிறாள்.

கூப்பிட வாயெடுத்தாள்.

அப்போது அவர் அசையாமல் நின்றார். வலையின் ஓரத்தை இரண்டு விரலால் தண்ணீரில் அலசினார். தூக்கிப் பார்த்தார். மறுபடியும் அலசினார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருப்பார் போல, உதடு அசைந்தது. பிறகு தலையைக் குனிந்து அதை வாயில் கடித்தார்.

அய்யோ என்று அவள் சொன்னாள். ஆனால் அது வெளியே கேட்கவில்லை.

அவர் இடுப்பு திரும்பியது. இரண்டு கையும் போயிற்று, கடைசியில் தலை நிமிர்ந்தது. வாய் திறந்தது.

வலை மேலே எழுந்தது. எழுந்து, யாரோ நடுவில் ஊதியதுபோல விரிந்தது. விரிந்துகொண்டே போனது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி, ஒவ்வொரு துளியிலும் காலை வெயில். சுற்றிலும் ஈயக்குண்டுகள் எல்லாம் கைகோத்து நின்றன. அது அங்கே நின்றது. சத்தியமாக நின்றது. கோமளவல்லி வாழ்நாளில் எத்தனை தோசை வார்த்திருப்பாள், எத்தனை கோலம் போட்டிருப்பாள். ஒரு வட்டம் தரையை விட்டு எழுந்து ஆகாயத்தில் நிற்பதை அவள் கண்டதில்லை. அதன் வழியாகத் தென்னைகள் தெரிந்தன, மணல் திட்டு தெரிந்தது, அதற்குப் பின்னால் கடல் தெரிந்தது. அவளுக்குக் கோவிலில் நடை திறக்கும்போது கும்பிடுவதுபோல இரண்டு கையும் தானாகச் சேர்ந்தன.

பிறகு குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. ஒரே ஒரு சத்தம். வட்டம் தண்ணீருக்குள் இறங்கியது.

ஜோக்கிம் எழுந்து நின்றிருந்தான். படகு ஆடியது அவனுக்குத் தெரியவில்லை.

"சாறே..." என்றான்.

முத்துக்குமாரசாமி சிரிக்கவில்லை, குதிக்கவில்லை. அலை வட்டமாகப் பரவிப் போவதையே பார்த்து நின்றார். பிறகு மெல்ல இழுத்தார். நாலைந்து கணம்பு வெள்ளியாகத் துள்ளின. ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டார். வலையை மறுபடியும் அடுக்கினார். தோளில் போட்டு, கையில் பிடித்து, ஓரத்தை வாயில் கடித்துக்கொண்டு காற்றுப் பார்க்கத் திரும்பியவர், கரையில் அவளைக் கண்டார்.

அப்படியே நின்றார். இரண்டு கையிலும் வலை. வாயிலும் வலை. பேச முடியாது. பேச வேண்டுமென்றால் வாயை விட வேண்டும். விட்டால் அடுக்கியது எல்லாம் குலையும். கண் மட்டும் அவளைக் கெஞ்சியது.

கோமளவல்லி அந்த வாயைப் பார்த்தாள்.

"வீசுங்க" என்றாள். "நான் நல்லா பாக்கல்ல. இன்னொருக்கா வீசுங்க."

அந்த வீச்சு முழு வட்டம் ஆகவில்லை, ஒரு ஓரம் மடங்கியது. அடுத்தது ஆனது. அதற்குள் பெர்த்தா புதுத் தம்ளரில் கட்டங்காப்பி கொண்டுவந்து கையில் தந்துவிட்டாள். கோமளவல்லி அதைக் குடித்தாள். குடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பாதித் தம்ளர் ஆன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சுவாமிதாஸை முன்னாலேயே அனுப்பிவிட்டு ஸ்கூட்டரில் திரும்பினார்கள். காலடியில் சாக்கு. அவர் வேட்டி ஈரம் அவள் சேலையிலும் ஏறியது.

"வாயில என்ன ருசி இருந்து?" என்று அவள் கேட்டாள்.

"உப்பு."

"மீனு?"

அவர் யோசித்தார். "தெரியல்ல கோமளம். வாய விட்டாத்தானே அது விரியும்? பொறவு ருசி எங்க பாக்க?" கொஞ்ச தூரம் போனதும், "முப்பத்துநாலு வருசம் எழுதினேன். ஒரு நாளும் ஒரு பேப்பரத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணினதில்ல" என்றார்.

பத்தே காலுக்கு வந்து குளித்துத் திருநீறு பூசி வெள்ளை வேட்டியில் உட்கார்ந்தார். பதினொன்றுக்குக் கார் வந்தது. பையனும் அவன் அப்பா ரமணனும் சாதாரணமாகச் சிரித்தார்கள். ஆனந்தலட்சுமி சுவர், மேசை, சன்னல் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் அமர்ந்தாள். ஸ்ரீகலா வந்து வணங்கி உட்கார்ந்தாள். முந்திரிக்கொத்துத் தட்டம் நடுவில் இருந்தது. யாரும் தொடவில்லை. கோமளவல்லியின் கண் அந்தத் தட்டத்தை விட்டு நகரவில்லை.

பேச்சு மழை, ரப்பர், ரயில் நேரம் என்று போய்க்கொண்டிருந்தது. அப்போது வாசல் வழியாகச் சாம்பல் பூனை உள்ளே வந்தது. யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போய், முத்துக்குமாரசாமியின் வலது கையை மோந்து, அவர் காலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு படுத்தது.

"பூனை வளக்கியளா?" என்றாள் ஆனந்தலட்சுமி.

"இல்ல, அது..." என்றார் முத்துக்குமாரசாமி.

"சைவ வீட்டுல பூனைக்கு என்ன இருக்கு?"

பக்கத்து வீட்டுப் பூனை என்று சொல்லக் கோமளவல்லி ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்தாள். வாய் திறந்தது. வேறு வந்தது.

"அவிய வலை வீசுவாவ. அந்த வாசத்துக்கு வருது."

ஸ்ரீகலா தலையைத் தூக்கினாள்.

"வலையா? மீன் வலையா?"

"ஆமா. பூவாத்துப் பொழியில. பத்து மாசமாப் படிச்சாவ. இன்னைக்குக் காலைலயாக்கும் சரியா விழுந்து."

"மீனு..." ஆனந்தலட்சுமிக்கு அந்தச் சொல்லே கஷ்டமாக இருந்தது. "திம்பாவளா?"

"அய்யே. எல்லாத்தையும் தண்ணியில விட்டிருவாவ. ஆனா ஒரு நுனிய வாயில கடிக்கணும். கடிக்காம அது விரியாது. கடிச்சாவ. நான் பாத்தேன்."

ரமணன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மீனும் வேண்டாம்னா, பொறவு அதுல என்னத்துக்காக்கும்?" என்றாள் ஆனந்தலட்சுமி. கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. விளங்காமல்தான் கேட்டாள்.

கோமளவல்லி இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்தாள். பிறகு மேலே தூக்கி விரித்தாள். விரல்கள் எல்லாம் அகன்று, கைகள் அகன்று, வளையல்கள் முழங்கைக்குச் சரிய, தலைக்கு மேலே அவ்வளவு பெரிதாக. அங்கேயே பிடித்து நிறுத்தினாள்.

"இப்பிடி" என்றாள். "இப்பிடி நிக்குது."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பையன் பார்த்தான், ஸ்ரீகலா பார்த்தாள், ரமணன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார், ஆனந்தலட்சுமியும் பார்த்தாள். மேலே ஓட்டுக்கூரை மட்டும்தான் இருந்தது. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

முத்துக்குமாரசாமி மட்டும் கூரையைப் பார்க்காமல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது தட்டத்துப் பக்கமிருந்து ஒரு முந்திரிக்கொத்து நொறுங்குகிற சத்தம் கேட்டது. யார் கடித்தது என்று கோமளவல்லி திரும்பிப் பார்க்கவில்லை.